என்னைய நம்பாதீகக்கா

"என்னைய நம்பாதீகக்கா."

கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் ஓர் இளைஞர் சத்தமாகவே இப்படிச் சொன்னார். கழுத்தில் விசில் தொங்கியது. ஊர்ப் பையன்களுக்குக் கால்பந்து பழக்குகிறவர் என்பது பேச்சில் தெரிந்தது. திராட்சைக் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அம்மாளின் மகனும் அந்த அணியில் ஆடுகிறான். பெரியகுளத்தில் போட்டி, இரண்டு ராத்திரி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வேண்டும்.

"ஒன்னைய நம்பாம யாரைய்யா நம்புறது? நீ பொறந்தப்பவே ஒன்னையத் தூக்குனவ நான்."

"பயக தூங்குற எடத்துல பெத்தவுக ஒருத்தராச்சும் இருக்கணும். ஒத்தை ஆளா நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். யாரும் வரலைன்னா டீம் போகாது."

"ஏய்யா, பேய்க்குப் பயமா?"

"சிரிக்காதீக. நாளைக்கு வேற ஒருத்தன் விசிலை மாட்டிக்கிட்டு வருவான். அவனையும் இப்படித்தான் நம்பி அனுப்புவீக."

அந்த அம்மாள் மடியிலிருந்த கூடையைக் கீழே இறக்கி வைத்தார்.

"எங்க வீட்டுக்காரரை அனுப்பவா?"

"அவுக படுத்தா, மேல பஸ் ஏறுனாலும் எந்திரிக்க மாட்டாகளே."

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, நானே வாரேன். கதவை ஒட்டித்தான் படுப்பேன். ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் பயகளை எண்ணுவேன். ஒன்னையும் சேத்துத்தான் எண்ணுவேன், பாத்துக்க."

"மொதல்ல என்னைய எண்ணுங்கக்கா. அப்புறம் பயகளை எண்ணலாம்."