கிண்ணத்தைக் கீழே வைக்கலாமா?

ஹலோ… ஹலோ! ஆங், வந்துட்டீங்களா? அப்பாடா… இருங்க இருங்க, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. நீங்க நிஜமான பொண்ணா, இல்ல பதிவு பண்ணி வெச்ச குரலா?… இல்லம்மா, சந்தேகமா இருக்கு. இதுக்கு முன்னாடி ஒரு குரல் 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்'னு சொல்லிட்டே இருந்துச்சு. அதுகிட்ட என் குடும்பக் கதை முழுசையும் சொல்லி முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, அது மெஷின்னு. எங்கே, ஒரு தடவ இருமிக் காட்டுங்க… ஹா! ஹா! போதும் போதும், நம்பிட்டேன்.

ஆமாம்… ஆமாம்மா, ரொம்ப நேரமாத்தான். நடுவுல ஒரு டிங்டாங் பாட்டுப் போடறீங்களே, அது ஆரம்பிக்கும்போது எனக்குத் தலையில முடி இருந்துச்சு… நிஜமா! என் வீட்டுக்காரி எப்பவும் சொல்லுவா, நான் எதச் சொன்னாலும் பாதியக் கழிச்சுட்டுத்தான் கேக்கணும்னு. நீங்களும் கழிச்சுக்குங்க, நான் வருத்தப்பட மாட்டேன்.

விஷயமா? பூனைச் சாப்பாடு. உங்க கம்பெனிதான்… ஆமாம், ரேடியோவுல சொன்னாங்களே, ஏதோ கலந்துடுச்சு, வித்த பையெல்லாம் திரும்ப எடுத்துக்கறோம்னு… அதேதான். பூனை பேரா? மாமியார்… ஆமாம்மா, மாமியார்தான், சரியாத்தான் எழுதியிருக்கீங்க. என் வீட்டுக்காரி வெச்ச பேரு. எத வெச்சாலும் மோந்து பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும், அதான். எங்கம்மா அப்போ உயிரோட இருந்தாங்க, பக்கத்து ரூம்லயே… அத விடுங்க. அது ஒரு உலகப் போர். வரலாத்துலதான் எழுதாம விட்டுட்டாங்க.

வயசு? கழிக்க வேண்டியதக் கழிச்சா ஒரு பதினாலு இருக்கும்.

உடம்புக்கா? அதச் சொல்லத்தாம்மா போன் பண்ணினேன். சாப்பிடல. அஞ்சாறு நாளா சாப்பிடல. தண்ணிதான், தண்ணியேதான். பாத்ரூம் குழாய்க்கு அடியிலயே குடியேறிட்டா. ஒரு ஆத்தையே குடிச்சுத் தீர்த்துட்டா… ஆமாம், டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தாரு. கிட்னின்னாரு… ஆமாம்… ரெண்டும்தான்.

…

தெரியலையே. அதத்தான் நானும் கேட்டேன். இது வயசால வந்ததா, சாப்பாட்டால வந்ததான்னு. என்ன சாப்பிட்டான்னு தெரியாம எப்படிச் சொல்றதுன்னு கைய விரிச்சுட்டாரு.

ஆ? பேட்ச் நம்பரா? இங்கதாம்மா கொஞ்சம் சிக்கல்.

பை இல்ல… இருங்க, கோவிச்சுக்காதீங்க. நான் எப்படின்னா, பை வாங்கின அன்னைக்கே பிரிச்சு டிரம்முல கொட்டிடுவேன். நீல டிரம், இறுக்கி மூடி போட்டது… இல்லல்ல, காலியானப்புறம் இல்ல. காலியாகவே விட மாட்டேன்! நான் வாட்டர் டேங்க் ஆபரேட்டர்மா. ஒரு ஊருக்கே தண்ணி விட்ட ஆளு. ரிட்டையர் ஆகற வரைக்கும் ஒரே வேலைதான். தொட்டி பாதிக்குக் கீழ எறங்குதா, மோட்டாரப் போடு, ரொப்பு. வேலை போயிடுச்சு, கை போகல. எங்க வீட்ல எதுவும் பாதிக்குக் கீழ எறங்காது. சக்கரை டப்பா, சோப்புத் தூள், பூனைச் சாப்பாடு, எல்லாமே பழசு மேல புதுசு, அது மேல இன்னும் புதுசு. அந்த டிரம்மோட அடியில கெடக்கறது ராஜா காலத்துச் சாப்பாடும்மா. தோண்டினா கல்வெட்டே கெடைக்கும்.

… ஆமாம். கலந்துதான் இருக்கும். நல்ல பை, கெட்ட பை, எல்லாம் ஒண்ணாத்தான்… ஆமாம்மா. புரியுது. நீங்க அதச் சொல்லவே வேண்டாம், நேத்து முழுக்க அந்த டிரம்முக்கு முன்னாடிதான் உக்காந்திருந்தேன்.

காலிப் பையா? இருங்க கேக்கறேன். ஏய்! இங்க வா! பூனைப் பையெல்லாம் என்ன பண்ணின?… எங்க?… ஷெல்ஃபுலயா? அம்மா, லைன்லயே இருங்க. பைய வெட்டி சமையல் ரூம் ஷெல்ஃபுல விரிச்சிருக்காளாம். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாதாம். எங்க வீட்ல எதுவும் சாகாதும்மா, ஒவ்வொரு பைக்கும் ஏழு பிறவி… எடு எடு, டப்பாவெல்லாம் கீழ எறக்கு! மெதுவா! மெதுவான்னு… ஒண்ணுமில்லம்மா, சத்தம்தான். மேல்தட்டு கீழ்த்தட்டப் பார்க்க வந்துடுச்சு.

கெடைச்சுடுச்சு! குடு, குடு… என் கண்ணாடி எங்க?… நெத்தி மேலயா? ஆமாம், நெத்தி மேல. எழுதிக்குங்கம்மா. எல்… நாலு… ரெண்டு… அப்புறம் ஒரு எண்ணெய்க் கறை… இருங்க, வெளிச்சத்துல புடிக்கறேன்… ஏழு. ஏழேதான். அப்புறம் பி.

…

தேடறீங்களா?

…

இல்லையா? லிஸ்ட்ல இல்லையா! ஏய், லிஸ்ட்ல இல்லையாம்! நம்ம பை நல்ல பையாம்! கேட்டியா! அழறாம்மா… சந்தோஷத்துலதான். எங்கம்மா போனப்போ கூட இவ்ளோ அழல… அடிக்காதடி, போன் கையில இருக்கு! போ, போய் டப்பாவெல்லாம் திரும்ப அடுக்கு, மீதிய நான் பேசிக்கறேன்.

ஆங், சொல்லுங்கம்மா… என்னது, 'இப்போதைக்கு'? இப்போதைக்கு லிஸ்ட்ல இல்லன்னா என்ன அர்த்தம்?… ம்… ம்… ஆமாம், மொதல்ல ஒரே ஒரு நம்பர்தான் சொன்னாங்க. மத்ததெல்லாம் பத்திரம்னாங்க. அப்புறம் அந்த மத்ததுலேருந்தே நாலஞ்சு கெட்டதுன்னு… ஆமாம், அதையும் ரேடியோவுல கேட்டேன். அப்போ இன்னைக்கு வரைக்கும் நல்ல பை. நாளைக்கு ரேடியோவப் போட்டாத்தான் தெரியும்… சரி. சரிம்மா. நீங்க என்ன பண்ணுவீங்க.

ஆமாம், இது ஒரு பைதான். மீதியெல்லாம் குப்பை வண்டியில போயிருக்கும். ஒண்ணு வாசல்ல ஈரக் குடைக்கு அடியில கெடக்கு, எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு… ஆமாம்… தெரிஞ்சுக்க வழியே இல்ல. ஆமாம்.

கூப்பனா? என்ன கூப்பன்?… ஓஹோ, அடுத்த பை இலவசமா… உங்க பையேவா? ஹா! அம்மா, ஒருத்தன் லாரிய நம்ம மேல ஏத்திட்டு, எறங்கி வந்து, 'வாங்க, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்'னு கூப்பிட்டா எப்படி இருக்கும்?… இல்லல்ல, நீங்க ஏத்தல. நீங்க போன் எடுக்கறவங்க. எனக்குத் தெரியாதா?

வெச்சுடாதீங்க! நான் கேக்க வந்ததே இனிமேதான்.

டாக்டர் ஒரு சாப்பாடு குடுத்தாரும்மா. கிட்னி போன பூனைக்குன்னே செய்யறதாம். சின்ன டின்னு. வேற கம்பெனிப் பேரு. மேல ஒரு வெள்ளைப் பூனை படம், பெரிய டாக்டர் மாதிரி நம்மள மொறைக்குது. அத இப்பத் தெறந்தேன். டக்குனு சத்தம் கேட்டதும் மாமியார் குழாயடியிலேருந்து எழுந்து வந்தாம்மா! எழுந்து நிக்கவே முடியாதவ. செவுத்தப் புடிச்சுக்கிட்டு நடக்கற கிழவி மாதிரி ஆடி ஆடி வந்து, என் கால்ல முட்டி, ஒரே கத்தல். இதோ, போன அவகிட்ட நீட்டறேன்… கேட்டுச்சா?… புலிம்மா! ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டுடுச்சு!

… குடுக்க வேண்டியதுதானேன்னா? டின்னத் திருப்பிட்டேன்மா. திருப்பியிருக்கக் கூடாது. பின்னாடி எறும்பு எழுதின மாதிரி எழுத்து. தயாரிச்ச இடம்… ம்… உங்க ஃபேக்டரி. அதே தெரு, அதே கதவு நம்பர். சட்டைய மாத்திக்கிட்டு வேற வாசல் வழியா வந்திருக்கு.

… ஆமாம், கடையிலயும் போய்ப் பார்த்தேன். ஒரு ரேக்க முழுசாத் திருப்பினேன். விலை ஒசந்தது, மலிவானது, குட்டிக்கு, கெழத்துக்கு, குண்டுப் பூனைக்கு… முக்காவாசி அதே கதவு நம்பர். கடைக்காரரு என்னை அதே ரேக்குல வெச்சு வித்துடுவாரு போல, அப்படிப் பார்த்தாரு. இதெல்லாம் வீட்டுக்காரிகிட்ட இன்னும் சொல்லல. சொல்லாதீங்க.

வீட்லயே சமைச்சா? சமைச்சோம்மா. மீன் வேக வெச்சோம், கோழி வேக வெச்சோம், மசிச்சு விரல்ல தொட்டு நாக்குல தடவினோம். துப்பிட்டா. இந்த டின்னு ஒண்ணுக்குத்தான் வாயத் தெறக்கறா. இன்னைக்கு ஏதாவது உள்ள போகலன்னா… ஆமாம்… டாக்டர் அப்படித்தான் சொன்னாரு. அதுக்கப்புறம் ஊசி போட்டும் பிரயோஜனம் இல்லையாம்.

இப்போ அந்த டின்னக் கொட்டின கிண்ணம் என் கையில இருக்கு. அவ என் கால் மேல உக்காந்து அண்ணாந்து பார்க்கறா. கீழ வெக்கலாமா, வேண்டாமா? அவ்ளோதாம்மா கேள்வி.

… இல்லம்மா, எழுதிக் குடுத்தத அப்படியே படிக்காதீங்க. அத ஹோல்டுலயே ஆயிரம் தடவ கேட்டாச்சு. அந்தப் பேப்பரக் கவுத்து வைங்க… வெச்சுட்டீங்களா? கேளுங்க. நான் டேங்குல இருக்கும்போது, தண்ணி நாறுது, செவப்பா வருதுன்னு வாளியத் தூக்கிட்டுச் சண்டைக்கு வருவாங்க. டெஸ்ட் பண்ணின ரிப்போர்ட்டக் காமிச்சா மூஞ்சியில வீசுவாங்க. நான் என்ன பண்ணுவேன், அதே வாளியிலேருந்து ஒரு டம்ளர் மோந்து, அவங்க கண்ணு முன்னாடி மடமடன்னு குடிப்பேன். வாயத் தொடைச்சுட்டு ஒரு சிரிப்பு. அவ்ளோதான், போயிடுவாங்க. நான் குடிச்சா தண்ணி சுத்தமாயிடுமா? ஆகாது. ஆனா இவனும் இதத்தானே குடிக்கறான்னு ஒரு இது. அதுக்கு மேல நம்பிக்கைன்னு ஒண்ணும் இல்லம்மா… ஆமாம், வயித்தப் புடிச்சுக்கிட்டு ஓடின நாளும் உண்டு!

உங்க சாப்பாட்டையும் ஒரு கை அள்ளித் தின்னு பார்த்தேன்… நிஜமாத்தான்! அட்டைப்பெட்டிய மீன் தொட்டியில ஊற வெச்ச மாதிரி இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல. மத்தியானமானா ஜன்னல் திண்டுல ஏறிப் படுத்துக்கணும் போல இருக்கு, அவ்ளோதான்.

அதனாலதான் கேக்கறேன். உங்க வீட்ல ஏதாவது வளர்க்கறீங்களா?… நாயா! பலே… அப்போ நாய்ச் சாப்பாட்டுப் பை ஆபீஸ்லயே சும்மா குடுப்பாங்களே… ஆமாம்ல. சரி. இன்னைக்குக் காலையில அதுக்கு என்ன வெச்சீங்க?

…

ஹலோ?

…

இருக்கீங்களா?… பக்கத்துல யாராவது இருந்தா வேண்டாம், ஆமாம் இல்லன்னு மட்டும் சொல்லுங்க… என்னம்மா, குரல் இவ்ளோ எறங்கிடுச்சு? கொஞ்சம் இருங்க, போன நல்லாப் புடிச்சுக்கறேன்… ம், இப்போ கேக்குது… நீங்களே வேக வெச்சா?… சரி… சரிம்மா, இதுல என்ன தப்பு? ரேடியோவுல சொன்னதும் பயந்து நிறுத்திட்டீங்க. யாரா இருந்தாலும்…

என்னது?

அதுக்கு முன்னாடியேவா?

… எவ்ளோ முன்னாடி?… அம்மா, எவ்ளோ முன்னாடி? அப்போ கம்பெனிக்குள்ள இருக்கறவங்களுக்கெல்லாம் மொதல்லயே… ஹலோ? ஹலோ!… யாரு சார் நீங்க?… இல்ல சார், அந்தப் பொண்ணு ஒண்ணும் தப்பாப் பேசலையே… இல்ல, அவங்ககிட்டயே குடுங்க, ஒரே ஒரு வார்த்தை… சார்… சார்…

… ஆ? என்ன இது? எந்தச் சேவை?… ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் எத அமுக்கணும்?… மறுபடியும் நீதானா… நீயாவது ஒரு தடவ இருமேம்மா.

ஆங்? என்னடி கத்தற?… யாரு?… கிண்ணமா? என் கையிலதானே… நான் எப்போ கீழ வெச்சேன்?… ஓ. போன ரெண்டு கையாலயும் புடிச்சப்போ… ஆமாம். ஆமாம், பார்க்கறேன். சாப்பிடறா… கிண்ணத்தையும் சேர்த்துத் தின்னுடுவா போல இருக்கு. ஏய், எதுக்கு மறுபடியும் அழற?

… போன்லயா? வேற என்ன சொல்லுவாங்க, நல்லதுன்னுதான். பயப்படாம வைங்கன்னுதான்… ஆமாம்… ஆமாம்னு சொல்றேன்ல. அந்தப் பொண்ணு அவ வீட்டு நாய்க்கே இந்த ஃபேக்டரி சாப்பாடுதான் வெக்கறாளாம். தினமும்.

… இல்லடி. இதுல பாதி கழிக்க வேண்டாம். முழுசாவே எடுத்துக்க.