உமி போன வழி

"ஹலோ... ஹலோ, வீரமணி அண்ணா, கேக்குதா?... மஞ்சுதான் பேசறன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுல இருக்கறன்... இன்னாது, உமியா?... எதுல கொட்டினீங்க?"

அன்று அமாவாசை. மேல்மலையனூர் சிறப்புப் பேருந்துகளின் ஹாரனில் பாதி காதில் விழவில்லை. மஞ்சு ஒரு காதைப் பொத்திக்கொண்டு பூக்கடை ஓரமாக ஒதுங்கினாள்.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பூமியில் ஓர் ஓடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடமாக ஆராய்ச்சி செய்கிறவள் அவள். இவ்வளவு மழை பெய்தால் ஓடையில் இவ்வளவு தண்ணீர் வரும் என்று கணினியில் கணக்குப் போடுவது அவள் வேலை. பாலத்தடியில் நட்ட அளவுகோலைப் பார்த்து, வந்தது எவ்வளவு என்று எழுதி அனுப்புவது வீரமணியின் வேலை. இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அவள் பத்து என்றால் அவர் ஆறு என்பார். பொறுமை இழந்து, அளவு எடுப்பவர் நேரில் போகாமலே எழுதுகிறார் என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்துவிட்டாள். அன்று நாலு மணிக்குள் அதை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த வரியோடு போனால் வீரமணிக்கு வேலை போய்விடும். அவருக்கு இது தெரியாது.

"ஆமா... ஆமா, அந்தக் குழி தெரியும். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, ஓடையிலயே... ரெண்டு மூட்டையா?... தண்ணி எங்க போவுதுன்னு பாக்கவா?... சரி, உள்ள போயிடுச்சி. அப்புறம்?... எங்க வந்துச்சி?... இருங்கண்ணா, அது மேட்டுக்கு அந்தாண்ட இருக்கற ஊராச்சே. நம்ம ஓடைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லயே... கிணத்துலயா? நீங்களே பாத்தீங்களா?... யாரு, கிணத்துக்கார மாரியம்மாளா?... திட்டாம இன்னா பண்ணுவாங்க, குடிக்கற தண்ணியாச்சே... நேத்து எத்தன மணிக்குக் கொட்டினீங்க?... காலைல ஆறு. கிணத்துல மெதந்தது?... மூணு. ஒம்பது மணி நேரம்... எழுதிக்கறன், எழுதிக்கறன்."

எழுதும்போதே அவள் முகம் சூடேறியது. மேலே தெரியும் மேடு பள்ளத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டிருந்தாள். தண்ணீரோ பாறையை அரித்த பொந்து வழியாக மேட்டுக்கு அடியிலேயே அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. சுண்ணாம்புக்கல் இப்படிச் செய்யும் என்று அவள் படித்ததுதான். ஆனாலும் செஞ்சிக் கருங்கல்லைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, வீரமணியைச் சந்தேகப்பட்ட அளவுக்குப் பாறையைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

"கட் பண்ணாதீங்க... மொத மழைய வெச்சி, பத்துக்கு நாலு பங்கு குழிக்குப் போவுதுன்னு எடுத்துக்கறன். மத்த மழைக்கும் சரியா வருதான்னு பாக்கலாம்... ஆங், இது கிட்டத்தட்ட சரி... அடுத்ததும் சரி... அதுவும். அண்ணா, ஆறு மழையில அஞ்சு ஒத்துப்போவுது... ஆமா, ஆமா, நீங்க எழுதினதுதான் சரி... ஒண்ணு மட்டும் இடிக்குது. கார்த்திகை பன்னெண்டு. என் கணக்குல முட்டிக்கு மேல தண்ணி, நீங்க கணுக்கால் அளவுன்னு எழுதியிருக்கீங்க... அண்ணா?... இருக்கீங்களா?... பரவால்ல, சொல்லுங்க... பொண்ணுக்குக் காது குத்தா... ஓ. முந்தின நாள் அளவயே போட்டுட்டீங்களா..."

மஞ்சு வாய்விட்டுச் சிரித்தாள்.

"கோவம்லாம் இல்லண்ணா. அன்னிக்கி அளவு இல்லன்னு போட்டுக்கறன். நீங்க போவாத நாளயே கண்டுபுடிக்குதுன்னா அது நல்ல கணக்குதான்..."

அவள் குரல் இறங்கியது.

"அண்ணா, நான் ஒண்ணு சொல்லணும்... இல்ல, உங்களப் பத்திதான். நீங்க ஓடைக்குப் போறதே இல்ல, வீட்லயே குந்திகினு எழுதறீங்கன்னு அறிக்கையில ஒரு வரி எழுதிட்டன்... ஆமா... எங்க புரொபசர் சாரு இல்ல, நான்தான்... இன்னும் அனுப்பல..."

அவள் போக வேண்டிய விழுப்புரம் பேருந்து நகர்ந்தது. அவள் எழவில்லை.

"எதாவது பேசுங்கண்ணா... திட்டவாவது திட்டுங்க... இன்னாது?... மழையா? இப்பவா?... பெருசாவா?... சரி, சரி, ஆனா நான் சொல்றத... ஆமா, தண்ணி ஏறிடும்... போங்க, போங்க... அண்ணா, என்ன மன்னிச்—"

லைன் கட்டாகிவிட்டது. அளவு பார்க்க அவர் பாலத்துக்கு ஓடிவிட்டார்.

மணி மூன்றரை. மஞ்சு அந்த வரியைத் தேடிப்பிடித்து அழித்தாள். அந்த இடத்தில், தண்ணீர் போகும் வழியைக் கண்டுபிடித்தவர் என்று எழுதி, வீரமணியின் பெயரை ஊரோடு சேர்த்துப் போட்டாள்.