மாமாவின் தங்கப் பற்கள்

"நல்ல பல்லைப் புடுங்கிட்டா மாமா தங்கம் கட்டினீங்க?"

பீடோரில் ஏறிய ஓர் இளைஞன் இப்படிக் கேட்டதும், ஈப்போ ரயிலில் எங்கள் பெட்டியே திரும்பிப் பார்த்தது. நானும் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். எதிரே இருந்த அவனுடைய தாய்மாமன் வாயை அகலத் திறந்து காட்டினார். மேல்வரிசையில் நான்கு பற்கள் பளபளத்தன.

"பல்லுக்காரச் சீனன் கட்டிக் குடுத்தான். ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டிச் சேத்த காசு அம்புட்டும் இதுலதான் இருக்கு."

"உங்க காசைத் தபாலாபீசுல உங்க பேருல போட்டுப் பாத்துக்கிறேன்னு சொன்னேன்லா! அதுக்குத்தானே இன்னிக்கு ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போறேன்?"

"முன்னே கங்காணிகிட்ட குடுத்து வெச்சேன். அவன் அதோட ஊருக்குக் கப்பலேறிட்டான். இப்ப எவனாச்சும் தூக்கணும்னா, என்னையும் சேத்துல்ல தூக்கணும்!"

பெரியவர் சிரித்தார். இளைஞனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாளைக்கு நீங்க கண்ண மூடிட்டா அத்தை எதை வெச்சுப் பொழைக்கும்? புள்ளகுட்டியும் இல்ல."

"அதுக்குத்தான் நீ இருக்கே."

பெரியவர் மடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே சின்னக் குறடு ஒன்று இருந்தது. அதை அவனிடம் நீட்டினார்.

"பொதைக்கிறதுக்கு முன்னாடி நீயே புடுங்கி அவ கையில குடுத்துடு. வேற எவனையும் நான் நம்பமாட்டேன்."

இளைஞன் வெடுக்கென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"ஐயோ மாமா, என்னால முடியாது!"

பெரியவர் அதை அவன் மடியில் வைத்தார்.

"என் காசைப் பாத்துக்கிறேன்னு நீதானேடா சொன்னே?"