மூன்றாவது கியர்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. பரவாயில்லை, இதைவிட மோசமானதில் உட்கார்ந்து நான் ரேஸ் ஓட்டியிருக்கிறேன். ஒரு வருடம் எங்கள் காருக்கு சீட் வாங்க வழியில்லாமல், மூடிப்போன சலூன் ஒன்றிலிருந்து நாற்காலியைக் கழற்றி வந்து பொருத்தினார்கள். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அது பின்னால் சாய்ந்துவிடும். கடைசி இரண்டு வளைவுகளை மேகத்தைப் பார்த்துத்தான் திரும்பினேன். ஏழாவதாக வந்தேன்.

கையெழுத்துப் போடத்தானே கூப்பிட்டீர்கள். பாம்பு கடித்துச் செத்தாலும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது தெரியும். ஏட்டு ஐயா அழகாக எழுதியிருக்கிறார். என் தங்கை மார்கரெட்டின் மகன் ராபர்ட்டை நல்ல பாம்பு கடித்தது, நான் அவனை வேனில் ஏற்றி அதிவேகமாகப் பொன்னேரிக்குக் கொண்டுபோனேன், வழியில் உயிர் பிரிந்தது. எல்லாம் சரி. அந்த 'அதிவேகமாக' மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. வேகத்தைப் பற்றி நான் நிறையப் பொய் சொன்னவன்தான். ஆனால் ஒன்றிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

எழுந்து நின்றபடி சொல்லட்டுமா? உட்கார்ந்தால் வலது கால் சும்மா இருக்காது. கோயிலில் பூசை நடக்கும்போதும் முன் பெஞ்சை மிதித்துக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் நான் ஒரு வளைவு திரும்பினால் என் மனைவி கட்டிலிலிருந்து கீழே விழுவாள். வலப்பக்க வளைவுக்கு ஒரு தடவை, இடப்பக்கத்துக்குச் சுவர் காப்பாற்றும். பிறகு அவளே பாயை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

சோழவரத்து ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் எங்கள் நைனா அங்கே நண்டு விற்கப் போவார். என்னையும் கூட்டிப்போனார். அன்று காதில் ஏறிய சத்தம் இறங்கவே இல்லை. படகில் இருந்தால் கரைக்கு வரத் தோன்றும், கரைக்கு வந்தால் எங்காவது ஓடத் தோன்றும். மீன் வண்டி ஓட்டினேன். அதிலிருந்து ரேஸ் கார். காசுள்ள டீம் எதுவும் என்னைக் கூப்பிட்டதில்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், பிரேக் மாற்ற வேண்டுமா, ஹெல்மெட் வாங்க வேண்டுமா, ஏதாவது ஒன்றைச் சொல் என்றார். ஹெல்மெட் என்றேன். வீட்டுக்கு எடுத்துப் போகலாமே. வேறொரு டீமில் ஓட்டத்தின் நடுவே கியர் கம்பி கையோடு வந்துவிட்டது. உடைந்த துடுப்பின் பிடியைச் செருகிக்கொண்டு மிச்சத்தை ஓட்டினேன். அதிலும் ஏழாவதுதான்.

கடைசியாக வந்து சேர்ந்தது நம் ஊர் தெய்வசிகாமணி முதலாளியின் டீம். கருவாட்டு மண்டி வைத்திருக்கிறாரே, அவரேதான். டயரும் கருவாடும் ஒரே வேனில் போகும். அந்த வாசனையில் அந்த வருடம் பின்னாலிருந்து ஒருவன்கூட என்னை நெருங்கவில்லை. முன்னால் போனவர்கள் முன்பே போய்விட்டவர்கள்.

கார் ஒன்று, ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். நானும் ராபர்ட்டும். அவனுக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை, தானாகவே வந்தது. அதனால் யார் எந்த ரேஸ் என்பதற்கு ஏரியின் 'பாடு' முறையையே வைத்துக்கொண்டோம். நீங்கள் வெளியூர், சொல்லிவிடுகிறேன். ஏரியில் மீன் விழுகிற நல்ல இடங்களில் இன்று யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். உன் பாடு வருகிற அன்று காற்று மாறினாலும் ஒரு இறால்கூட விழாவிட்டாலும் அது உன் பாடு. அடுத்தவன் கெட்டிக்காரன் என்பதற்காக உன் பாட்டை எடுத்து அவனுக்குக் கொடுத்தால் ஊரே எழுந்து நிற்கும்.

இந்த வருடம் முதலாளி வேறு கார் வாங்கினார். பழையதுதான், ஆனால் நேராக ஓடுகிற கார். வாங்கிய அன்றே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இன்னா ஆபிரகாமு, வயசாச்சில்ல. கார புள்ள ஓட்டட்டும். வேன் கீதே, அத நீ ஓட்டு."

சரி என்றேன். ஊரும் எழுந்து நிற்கவில்லை. கார் ஏரியில் ஓடுவதில்லை அல்லவா. ராபர்ட் இரண்டு ரேஸில் மூன்றாவதாக வந்தான். நான் வேனில் உட்கார்ந்து டயர் காவல் இருந்தேன். கால் மட்டும் ஓட்டிக்கொண்டே இருந்தது.

அவன் நல்ல பையன், ஐயா. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

பாம்பு காருக்குள்தான் இருந்தது. ஷெட் உப்பங்காட்டை ஒட்டி இருப்பதால் வரத்தான் செய்யும். காலையில் சீட்டுக்கு அடியில் கைவிட்டிருக்கிறான், கையில் போட்டுவிட்டது. பழவேற்காட்டு ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். மூச்சுக்கு மெஷின் வேண்டியிருக்கும், தாமதிக்காமல் பொன்னேரிக்குப் போங்கள் என்று நர்ஸம்மா சொன்னார். ஆம்புலன்ஸுக்கும் அவரே போன் செய்தார். அது கிளம்பிவிட்டது என்று பதில் வந்தது.

வாசலில் பாதி ஊர் நின்றது. "ரேஸ் ஓட்டுறவரே கீறாரு, ஆம்புலன்சு இன்னாத்துக்கு?" என்று ஒருவர் சொன்னார். ஆமாம் ஆமாம் என்று மற்றவர்களும் சொன்னார்கள். அத்தனை வருடத்தில் நம் ஊர் என்னை ரேஸ் ஓட்டுகிறவன் என்று சொன்னது அன்றுதான். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று நானே நர்ஸம்மாவிடம் சொன்னேன். அந்த நேரத்தில் என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இதை ஏட்டு ஐயா எழுதிக்கொள்ளலாம்.

முன் சீட்டில் ராபர்ட். அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு மார்கரெட். ஊர் எல்லை தாண்டும்வரை நன்றாகவே ஓட்டினேன். அப்போது அவன் பேசினான். நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் புரிந்தது.

"சீட்ட உனுக்குத்தான் முன்னாடி தள்ளிக்கினு இருந்தேன் மாமா. உனுக்குக் கால் எட்டாதில்ல. ஞாயித்துக்கெழம நீதான் ஓட்டுற. மொதலாளிகிட்ட பேசிட்டேன்."

நியாயமாக யோசித்துப் பாருங்கள். பாடு என்னுடையது. அதை அவன் எடுத்துக்கொண்டான். இப்போது ஒன்றை மட்டும் எனக்குப் பிச்சையாகத் திருப்பித் தருகிறான். எங்கள் ஏரியில் பாட்டை யாரும் பிச்சையாகக் கொடுத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை. நான் கோபப்படவில்லை. வண்டியை நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கு இறக்கினேன், அவ்வளவுதான்.

சாலையில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். ஒரு மணி நெல்கூட டயரில் நசுங்காமல் ஒதுங்கிப் போனேன். மாடு வந்தது, நின்றேன். அது போன பிறகு கன்று வரும் என்று காத்திருந்தேன். கன்று இல்லை. வேகத்தடை ஒவ்வொன்றிலும் புதுமணப்பெண்ணை ஏற்றி வருகிறவன்போல ஏறி இறங்கினேன். மார்கரெட்டே, "மெதுவா போ அண்ணா, புள்ளைக்குக் குலுங்குது" என்றாள். அவள் சொன்னபடிதான் கேட்டேன். அவளிடம் விசாரித்தால் அவளும் அப்படித்தான் சொல்வாள். இப்போதுகூட, என் அண்ணன் மாதிரி யார் ஓட்டுவார்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி அழுகிறாள்.

ராபர்ட்டுக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டுகிறவனுக்குக் கண் வேண்டாம், ஐயா, காது போதும். அவனுக்கு இமை விழுந்துவிட்டது, கழுத்து நிற்கவில்லை. ஆனால் இன்ஜின் மூன்றாவதில் முனகுவது காதில் விழுந்திருக்கிறது.

"மேல போடு மாமா," என்றான்.

ரோடு சரியில்லை என்றேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது. போன வருடம்தான் போட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னான். இந்தத் தடவை சத்தம் வரவில்லை, உதடு மட்டும். அவன் கை எழுந்து கியர் கம்பியைத் தேடியது. நான் அதை எடுத்து அவன் மடியிலேயே வைத்தேன், மெதுவாகத்தான். மார்கரெட் அதைப் பார்த்து, மாமன் எவ்வளவு பாசமாக இருக்கிறான் என்று நினைத்திருப்பாள்.

ஏட்டு ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டார். இல்லை, தண்ணீர் வேண்டாம். நான் இந்த ஜன்னல் பக்கம் நின்றுகொள்கிறேன்.

திருப்பாலைவனம் தாண்டியதும் மார்கரெட் அவன் வாயருகே காதை வைத்துக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் நான்காவது போட்டேன். உடனே ஐந்தாவது. அந்த வேன் அப்படிப் போகும் என்று அதைச் செய்தவனுக்கே தெரிந்திருக்காது. கைகாட்டி முக்கில் பஸ்காரன் தானாக ஒதுங்கினான். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து நின்றார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் ஏட்டு ஐயா 'அதிவேகமாக' என்று எழுதியிருக்க வேண்டும். அதை வெட்ட வேண்டாம். முன்பாதி மெதுவாக, வேண்டுமென்றே, என்று ஒரு வரி மட்டும் மேலே சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காரை நான்தான் ஓட்ட வேண்டும் என்று முதலாளி அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் இங்கே இரு என்றாலும் இருக்கிறேன், உங்கள் விருப்பம். ஆனால் பொன்னேரியில் பார்த்தவர்களை ஒரு தடவை கூப்பிட்டு விசாரியுங்கள், ஐயா. பஜார் தெரு முழுக்க, எனக்கு முன்னால் ஒருத்தன்கூட இல்லை.