ஓஸ்மோ போட்ட முடிச்சு

அய்யய்ய, அந்த நூலக் கழட்டுங்கண்ணே மொதல்ல. கடைக்காரன் நல்லா உங்க தலையில கட்டிட்டான். பின்னல் நூலு பலம்தான், நான் இல்லைங்கல. கோடையில படகுல உக்காந்து பிடிக்கறதுக்கு அது ராஜா. இங்க பனிக்கட்டி மேல, இந்தக் குளிருல, தண்ணியக் குடிச்சுட்டு வெறச்சுப் போயிரும். தூண்டிமுனை வளையம் பூரா ஐஸு அடைச்சுக்கும். மீன் கடிச்சதும் தெரியாது, விட்டுட்டுப் போனதும் தெரியாது. இந்தாங்க, என் பெட்டியில நைலான் நரம்பு இருக்கு, பாயிண்ட் இருபது மில்லி கனம். அட, புடிங்க, இதுல என்ன இருக்கு.

இல்லண்ணே, நான் கட்ட மாட்டேன். நீங்களே கட்டுங்க, பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றேன். கோவிச்சுக்காதீங்க. அடுத்தவங்க தூண்டியில நான் கை வைக்கறதில்ல. இந்த ஏரியில அது ஒரு வழக்கம்னே வெச்சுக்குங்க. உங்க காப்பியக் கேக்காம எடுத்துக் குடிச்சாக்கூட சிரிச்சுக்கிட்டுப் போயிருவாங்க. தூண்டியத் தொட்டா மொறைப்பாங்க.

ஆங், அப்படித்தான். நரம்ப உருளையில இறுக்கமா சுத்துங்க, தொளதொளன்னு விடாதீங்க. முனை வளையத்துக்குள்ள விட்டு வெளிய எடுத்தாச்சா? இப்ப அந்தக் குட்டிச் சுழல் வளையத்த எடுங்க. அது எதுக்கா? இந்தப் பொய்மீனு, அதான் மீனு மாதிரி செஞ்ச இரை, தண்ணிக்குள்ள தூக்கித் தூக்கிப் போடறப்ப சும்மா இருக்காது, சுத்தும். அது சுத்தச் சுத்த நரம்பும் முறுக்கிக்கும். நடுவுல அந்த வளையம் இருந்தா அது சுத்திக்கும், நரம்பு தப்பிச்சுக்கும். அதுக்குக் கீழ ஒரு முழம் விட்டு ஊக்கு. பொய்மீன நேரா நரம்புல கட்டாதீங்க, இந்த ஊக்குல மாட்டுங்க. அப்பத்தான் அது மட்டமா நின்னு தாராளமா ஆடும். ஐயோ, ஊக்க வாயில வைக்காதீங்க! இரும்பு, உதட்டோட ஒட்டிக்கும். பிச்சு எடுத்தா தோலும் சேந்து வரும். எங்க ஸ்கூல் சமையக்கட்டுக்கு வருஷத்துக்கு ரெண்டு புள்ளைங்களாவது வந்து நிக்கும், வெந்நி குடுங்கன்னு.

ஆமா, ஸ்கூல்ல சமைக்கறேன். ஹெல்வின்னா இங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க ஊருக்குப் புதுசுல்ல, அதான். ரிட்டையர் ஆகி வந்தவரா? நல்லதாப் போச்சு.

அந்தப் பிடியில நீல டேப்பு சுத்தியிருக்கே, அந்தத் தூண்டி எங்க வாங்குனீங்க? பெட்ரோல் பங்க் விளம்பரப் பலகையில பாத்தா. ம். வித்தவரு என்ன சொன்னாரு? இனிமே தேவப்படாதுன்னு மட்டும்தானா. வேற ஒண்ணும் சொல்லலையா?

அந்த டேப்பு நான் சுத்துனதுண்ணே. ஓஸ்மோ என் வீட்டுக்காரரு. நான் வேலைக்குப் போயிருந்தப்ப வித்துட்டாரு. சாயந்தரம் வந்து பாக்கறேன், சுவத்துல ஆணி மட்டும் இருக்கு. சேச்சே, திருப்பிக் கேக்க வரல. நீங்க வாங்கிட்டீங்க, உங்களது. தூரத்துல இருந்தே டேப்பப் பாத்துட்டேன், கால் தானா இங்க வந்துருச்சு.

முடிச்சப் போடுங்க, கை விறைக்கறதுக்குள்ள. ஊக்கு வளையத்துக்குள்ள ரெண்டு தடவ விடுங்க. இப்ப நுனிய எடுத்து நரம்பு மேலயே அஞ்சு சுத்து. நாலு போதாது. கீழ ரெண்டு கண்ணு தெரியுதா, அதுக்குள்ள நுனிய விடுங்க. நில்லுங்க, நில்லுங்க! இழுத்துராதீங்க. எச்சி வைங்க மொதல்ல. முடிச்சு நல்லா நனையணும். காஞ்ச நரம்ப இழுத்தா அந்தச் சுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேராது. பாக்க சேந்த மாதிரித்தான் இருக்கும், பளபளன்னு அழகா இருக்கும். பெரிய மீனு வந்து ஒரு இழுப்பு இழுத்தா வழுக்கிக்கிட்டே போயி அவுந்துரும்.

எனக்கு எப்படித் தெரியுமா. பாத்திருக்கேன்ல.

போன மார்ச்சுலண்ணே, இங்கதான், அந்தத் தீவுக்கு இந்தப் பக்கம். ஊர்ப் போட்டி. என்ன பெரிய பரிசு, காப்பிப் பொட்டலம்தான், ஆனா வருஷம் பூரா அதையே பேசுவானுங்க. அதுக்கு முந்தின இலையுதிர் காலத்துலதான் டாக்டரு சொல்லியிருந்தாரு, ஓஸ்மோவுக்கு வலது கை நடுக்கம் ஆரம்பிச்சிருக்குன்னு. மாத்திரை குடுத்தாரு. பயப்படாதீங்க, இன்னும் பல வருஷத்துக்கு எல்லா வேலையும் செய்யலாம்னாரு. நாப்பது வருஷம் தச்சு வேல பாத்த மனுஷன். கேட்டுட்டு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் நின்னுக்கிட்டே வெறகு பொளந்தாரு.

போட்டியன்னைக்குக் காலையில மைனஸ் இருபத்திரண்டு. கையுறையக் கழட்டிட்டு முடிச்சுப் போட்டாரு. மூணு தடவ நழுவுச்சு. நான் வேற பக்கம் பாத்துக்கிட்டேன். நாலாவது தடவ போட்டு, இழுத்துப் பாத்து, என்னப் பாத்து சிரிச்சாருண்ணே. சின்னப் புள்ளையாட்டம் ஒரு சிரிப்பு. அப்புறம் பேரு குடுக்கக் கூடாரத்துக்குப் போனாரு.

மீனு வந்துச்சு. வந்துச்சுன்னா, வாழ்நாள்ல ஒரு தடவ வர்ற மீனு. பெர்ச்சு, ரெண்டு கிலோவாவது இருக்கும். தல பனிக்கட்டியில போட்ட துளைக்குள்ள வந்துருச்சு, நானே பாத்தேன். சுத்தி இருந்தவங்க எல்லாம் அவங்கவங்க தூண்டியப் போட்டுட்டு ஓடி வந்துட்டாங்க. ஓஸ்மோ மண்டி போட்டுக் கைய விட்டாரு. அவ்வளவுதான். ஒரு உதறு, நரம்பு லேசாயிருச்சு.

மீனு போனாப் போவட்டும்ணே. மேல இழுத்த நரம்போட நுனிய எல்லாரும் பாத்தாங்க, அதான் விஷயம். அறுந்த நரம்பு நேரா இருக்கும். அவுந்த நரம்பு பன்னிவாலு மாதிரி சுருண்டு இருக்கும். இங்க நண்டுசிண்டுக்குக்கூட அது தெரியும். ஒருத்தன் இருமுனான். எல்லாரும் அவங்கவங்க துளைக்குத் திரும்பிட்டாங்க. அவரு நரம்பப் பாக்கலண்ணே. கையப் பாத்தாரு.

அன்னைக்கு மூட்டை கட்டுனவருதான். ஏரிப்பக்கம் திரும்பல. அத்தோட போச்சான்னா இல்ல. கோப்பையில அரைக்கு மேல காப்பி ஊத்தாதேங்கறாரு. உளி, ரம்பம் எல்லாம் தங்கச்சி மகனுக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு. என்னய்யா, டாக்டரே பல வருஷம் தாங்கும்னு சொன்னாருல்லன்னா, டாக்டரு அந்த நரம்பப் பாக்கலங்கறாரு.

என்ன பண்ணச் சொல்றீங்க? தைரியம் சொல்லாமலா? தொண்டைத்தண்ணி வத்தற அளவுக்குச் சொல்லியாச்சு.

இந்த டப்பாவத் தொறங்க. பயப்படாதீங்க, புழு இல்ல. ஒரு ஊக்கு, அதுல ஒரு சாண் நரம்பு, அவ்வளவுதான். முடிச்சு கொஞ்சம் கோணலா இருக்கா? நுனி நீளமா விட்டிருக்கா? இழுங்க. இன்னும் பலமா இழுங்க. அசையாதுண்ணே. போட்டியன்னைக்குச் சாயந்தரமே நான் இழுத்துப் பாத்துட்டேன். சவுனா, அதான் நீராவிக் குளியல் ரூம்பு, அங்க இருக்கற ஆணியில ஊக்க மாட்டி, மீன் நிறுக்கற தராசக் கட்டித் தொங்குனேன். நாலு கிலோவுல நரம்பு மேல அறுந்துச்சு. முடிச்சு அப்படியே இருந்துச்சு.

அது அவரு போட்டது.

அவரு கூடாரத்துக்குப் போனதும் நான்தான் கத்தரிச்சேன். கோணலா இருக்கே, எல்லாரும் பாக்கறாங்களே, அவுந்து மானம் போயிருமேன்னு. புது ஊக்கு எடுத்து நானே கட்டுனேன். அழகாத்தான் கட்டுனேன். அஞ்சு சுத்து. அதுக்குள்ள பனியில பூட்ஸ் சத்தம் கேட்டுச்சு, அவரு வந்துட்டாரு. எச்சி வைக்கல. காஞ்ச நரம்ப அப்படியே இழுத்து விட்டுட்டுக் கையுறைய மாட்டிக்கிட்டேன்.

சொல்லலாம், ஏன் சொல்லக்கூடாது. தினம் ராத்திரி சொல்லிரலாம்னுதான் படுக்கறேன். சொன்னா கை நல்லாத்தான் இருக்குன்னு தெரிஞ்சுக்குவாரு. அந்தக் கைய மொதல்ல நம்பாமப் போனது நான்தான்னும் தெரிஞ்சுக்குவாருல்ல. அவரு சிரிச்சுட்டுப் போனாரே, அந்த முதுகு மறைஞ்ச உடனே கத்தரிய எடுத்தவ நான்.

டப்பாவக் குடுங்க. உங்க முடிச்சு நல்லா வந்திருக்கு, எறக்குங்க தண்ணியில. நான் கெளம்பறேன், அவரு வீட்டுல தனியா இருப்பாரு. இன்னைக்குக் காலையில வாசல்ல பனி வாரணும்னு என் முன்னால வந்து உக்காந்து, காலை நீட்டுனாரு. ஒரு வருஷமா அவரு பூட்ஸ் கயிற நான்தான் கட்டிவிடறேன்.