வெட்டுப்பட்டவன் கத்தமாட்டான்

செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்கால். மண்ணூரிலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ். எனக்கு முன் சீட்டில் இருவர் ஒரே போனில் வாள் சண்டைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவரின் வலது கையில் பெரிய கட்டு.

“சுத்தப் பொய்டா இது. வெட்டுப்பட்டவன் கத்தமாட்டான்” என்றார் அவர்.

“நீ இன்னா, எத்தினி வாள் சண்டை போட்டுகீற?”

“பிரஸ் மெஷின்ல ரெண்டு வெரலு போச்சே, நான் கத்துனனா?”

நண்பர் யோசித்தார். “இல்ல மச்சான். கையையே பாத்துகினு நின்ன. நான்தான் கத்துனேன்.”

“அதான். பக்கத்துல நிக்கிறவன் கத்தணும். அப்பதான் படம் பாக்கிறவனுக்குப் பதறும்.”

திரையில் வாள்கள் மோதிக்கொண்டிருந்தன.

“இன்னிக்கி என்கொயரியில எம்மேலதான் தப்புன்னு எழுதப் போறாங்க. மெஷின் நிக்காம ஓடணும்னு, கை உள்ள போனா நிறுத்துற சென்சார்ல டேப் ஒட்டச் சொன்னது சூப்பர்வைசர்தான்னு நீ சொல்லுவ இல்ல?”

நண்பர் போனை அணைத்தார்.

“அடுத்த மாசம் எனக்கு பர்மனென்ட் ஆவுது மச்சான்.”

ஒரகடம் வரும்வரை கட்டுப்போட்டவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.