கோயில் வாசலில் பிடிபட்ட விண்கல மாடல்

என் பெயர் வளவன், வயது 26, தகப்பனார் பெயர் வீரமலை. திருச்சி எடமலைப்பட்டி புதூரில் குடியிருக்கிறேன். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் காற்றுச் சுரங்க (விண்ட் டனல்) ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இன்று ஸ்ரீரங்கம் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் சுபலட்சுமி விசாரித்தபோது நான் சொன்னதாவது:

கைப்பற்றிய பொருள் வெடிகுண்டு அல்ல. விண்வெளிக்குப் போய்விட்டு விமானம் போல் தரையிறங்கும் இறக்கைக் கலத்தின் சிறிய மாடல். அதை ஓர் அச்சில் ஆடும்படி பொருத்திக் காற்றை விட்டு, மூக்கு தூக்கினால் தானாக நேர்நிலைக்கு வருகிறதா, இறக்கையின் பின்மடிப்பைத் திருப்பினால் சொன்னபடி கேட்கிறதா என்று பார்ப்போம். சமநிலைக்காக மூக்கில் ஈயம். கோணம் அளக்க வயிற்றில் ஒயர். இவ்வளவுதான்.

மாடலைக் கடைந்தவர் பொன்மலையில் லேத் பட்டறை வைத்திருக்கும் காத்தமுத்து. இன்று பகல் இரண்டு மணிக்குச் சோதனை. அதற்கு முன் அவர் எனக்குத் தெரியாமல், புது வண்டிக்குச் செய்வதுபோல் அர்ச்சனை செய்ய, காலை எட்டு மணிக்கு மாடலைப் பையில் போட்டுக் கோயிலுக்கு வந்திருக்கிறார். வாசல் ஸ்கேனில் ஈயம் கறுப்புக் கட்டியாகவும் அதன் பக்கத்தில் ஒயரும் தெரிந்ததால் இங்கே அழைத்து வந்திருக்கிறார்கள். அதன் பிறகு என்ன கேட்டும் அவர் பேசவில்லை. என் நம்பரை மட்டும் கொடுத்திருக்கிறார். தெரியாத நம்பரிலிருந்து எனக்கு ஏழு முறை போன் வந்தது. விளம்பரம் என்று ஏழையும் கட் செய்தேன்.

அதன் பிறகு பதினோரு மணிக்கு அவர் மனைவி அழகம்மாள் கூப்பிட்டு, "போனை எடுத்தா கொறஞ்சா போயிருவீங்க? அவரை குண்டு வச்சவன்னு உக்கார வச்சிருக்காங்க" என்றார். உடனே பைக்கில் வந்தேன். காத்தமுத்து பெஞ்சில் இருந்தார். மடியில் அர்ச்சனைத் தட்டு, தேங்காய் உடையாமல்.

அவர் பேசாததற்கு நான்தான் காரணம். எங்கள் ஆய்வுக் கட்டுரை வெளிவரும்வரை மாடலைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று மூன்று மாதம் முன்பு கறாராகச் சொல்லியிருந்தேன். "போலீஸ் கேட்டாலுமா தம்பி?" என்று அன்று சிரித்தார். "யார் கேட்டாலும்னா யார் கேட்டாலும்தான்" என்றேன்.

இன்று "சொல்லுங்கண்ணே" என்றதும் ஐந்தே நிமிடத்தில் எல்லாம் சொன்னார். ஈயத்தின் எடையை நான் தப்பாகச் சொன்னதையும் திருத்தினார்.

"இதை எட்டு மணிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார் உதவி ஆய்வாளர் மேடம்.

"தம்பி வேணாம்னுட்டாருங்க."

அதன் பிறகு மேடம், காத்தமுத்துவை அனுப்பலாம், மாடலை நிபுணர் பார்க்க வேண்டும், நாளைதான் கிடைக்கும் என்றார். இன்று விட்டால் அடுத்த சோதனைக்கு மூன்று வாரம் ஆகும். இருக்கட்டும், அவரை முதலில் அனுப்புங்கள் என்றேன். அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனதைப் பார்த்தேன். அதன் பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள்; நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) வீ. வளவன்